ஷோரூம் கையெழுத்தும் லண்டன் தீர்ப்பும்

2025 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. பங்குச் சந்தை மூடும்வரை காத்திருந்து, மாலை 4.35 மணிக்குத்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை அறிவித்தது. பழைய கார் வாங்கக் கடன் எடுத்த மூன்று பேரின் வழக்கு அது. அந்தக் கடன்களுக்காகக் கார் டீலர்களுக்குப் போன கமிஷன் தொகையை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல பழைய கார்கூட வாங்க முடியாது. ஆனால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து வங்கிகளின் தலையில் பல நூறு கோடி பவுண்டு விழும் என்ற நிலை இருந்தது. தீர்ப்பு வந்ததும் வங்கிகள் தப்பித்தன என்று ஒரு சாரார் சொன்னார்கள். வாடிக்கையாளர் ஜெயித்தார் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். இரண்டும் உண்மை. எப்படி என்று புரிந்துகொண்டால், வங்கியோடு மல்லுக்கு நிற்க நினைக்கும் நம் ஊர் வாடிக்கையாளருக்கும் அது உதவும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். நர்சிங் மாணவி ஒருவர், தபால்காரர் ஒருவர், தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர். 2014க்கும் 2017க்கும் இடையில் டீலர்களிடம் போய்ப் பழைய கார் வாங்கினார்கள். கார் பிடித்துவிட்டது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று விற்பனையாளர் கேட்கிறார், விவரங்களை வாங்கிக் கணினியில் தட்டுகிறார், கடன் கிடைத்துவிட்டது என்கிறார், தாள்களை நீட்டுகிறார், கையெழுத்தாகிறது. இந்த இடம்வரை லண்டனுக்கும் கரூருக்கும் வித்தியாசமில்லை.

வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்னால் இன்னொரு ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. கடன் கொடுக்கும் நிறுவனம் அந்தக் கடனைப் பிடித்துக் கொடுத்ததற்காக டீலருக்குக் கமிஷன் கொடுத்தது. மாணவியின் வழக்கில் அது 183.26 பவுண்டு. கொடுத்தது க்ளோஸ் பிரதர்ஸ் நிறுவனம். மற்ற இருவருக்கும் கடன் கொடுத்தது ஃபர்ஸ்ட்ராண்ட் வங்கியின் லண்டன் கிளை; மோட்டோநோவோ ஃபைனான்ஸ் என்ற பெயரில் அது இந்தத் தொழிலைச் செய்தது. சில ஏற்பாடுகளில் வட்டி விகிதத்தை ஒரு வரம்புக்குள் டீலரே கூட்டிக்கொள்ளலாம். வட்டி கூடக் கூடக் கமிஷனும் கூடும். அதாவது வாடிக்கையாளரின் தவணையை எவ்வளவு ஏற்றுகிறாரோ அந்த அளவுக்கு டீலருக்கு லாபம். இந்த வகைக் கமிஷனை, பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பான நிதி நடத்தை ஆணையம் 2021 ஜனவரி 28 முதல் தடை செய்துவிட்டது. ஆனால் வழக்கில் இருந்த கடன்கள் அதற்கு முந்தியவை.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், 2024 அக்டோபர் 25 அன்று, மூவரும் ஜெயித்தார்கள். அங்கே எடுபட்ட வாதம் இது. டீலர் கார் விற்பவர் மட்டுமில்லை. நமக்காகக் கடன் தேடித் தரும் தரகரும்கூட. ஒருவருக்காக வேலை செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவர் எதிர்த் தரப்பிடம் ரகசியமாகக் காசு வாங்கினால் ஆங்கிலச் சட்டம் அதை லஞ்சம் என்றே சொல்கிறது. அரசு ஊழியர் வாங்கினால்தான் லஞ்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே தனியார் வியாபாரத்திலும் அது பழைய சட்டம். கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. எனவே கமிஷனை வங்கி திருப்பித் தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அது நிலைத்திருந்தால், கமிஷனை வாடிக்கையாளருக்கு முழுதாகத் தெரிவித்துச் சம்மதம் வாங்காத ஒவ்வொரு கார்க் கடனும் கேள்விக்குள்ளாகியிருக்கும். க்ளோஸ் பிரதர்ஸ் புதிய கார்க் கடன் கொடுப்பதையே சில நாள் நிறுத்திவைத்தது. பிரிட்டன் அரசின் நிதித்துறையோ உச்ச நீதிமன்ற விசாரணையில் தானும் ஒரு தரப்பாகச் சேர்ந்து பேச அனுமதி கேட்டது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு தபால்காரருக்கும் வங்கிக்கும் நடக்கும் வழக்கில், பொருளாதாரம் பாதிக்கும் என்று சொல்ல அரசாங்கம் வங்கியின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரப் பார்த்தது எனக்கு அழகாகப் படவில்லை. அதைத் தடுத்த அதே நீதிமன்றம்தான் லஞ்ச வாதத்தையும் பின்னர் தள்ளிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் தள்ளியது? இங்கேதான் பலருக்கும் குழப்பம். லஞ்சம் என்று சொல்ல வேண்டுமானால், வாங்கியவருக்கு நம்மிடம் முழு விசுவாசத்தோடு நடக்கும் கடமை இருந்திருக்க வேண்டும். நமக்கு வக்கீலாக இருப்பவர், நம் சொத்தை நிர்வகிக்கும் அறங்காவலர், நாம் கூலி கொடுத்து அமர்த்திய முகவர் போன்றவர்களுக்கு அந்தக் கடமை உண்டு. தன் லாபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நம் நலனை மட்டும் பார்ப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கார் டீலர் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தன் காரை நம்மிடம் விற்கப் பார்க்கிறார். கடனும் அந்த விற்பனையின் ஒரு பகுதி. வாங்குபவர், விற்பவர், கடன் கொடுப்பவர் மூவரும் அவரவர் லாபத்தைப் பார்த்துத்தான் அந்த மேசையில் உட்காருகிறார்கள். பேரம் பேசும் எதிராளியிடம் ஒரே நேரத்தில் முழு விசுவாசத்தையும் எதிர்பார்க்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். விசுவாசக் கடமை இல்லையென்றால் லஞ்சமும் இல்லை.

இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கசப்பு என்னவோ இருக்கத்தான் செய்கிறது. நல்ல ரேட்டாகப் பார்த்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரை மக்கள் நம்பத்தான் செய்கிறார்கள். கார் விஷயத்தில் சந்தேகப்படுகிறவர்கூடக் கடன் விஷயத்தில் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஆனால் நாம் நம்பினோம் என்பதாலேயே எதிரில் இருப்பவர்மீது அறங்காவலரின் கடமை ஏறிவிடாது. ஏறிவிடும் என்று வைத்தால் மளிகைக் கடைக்காரர் முதல் எல்லோர்மீதும் அது ஏறும்.

இத்தோடு முடிந்திருந்தால் வங்கிகளுக்கு முழு வெற்றி. மேற்பார்வையாளரின் வழக்கில் மட்டும் இன்னொரு வாதமும் இருந்தது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில், 2006இல் செய்த திருத்தத்தின் மூலம் 140ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவு நியாயமற்றதாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்கிறது அது. ஒப்பந்தம் செல்லுமா என்பதைத் தாண்டி, ஒப்பந்தத்தின் விதிகள், அதை அமல்படுத்திய விதம், கடன் கொடுத்தவர் செய்தது, செய்யாமல் விட்டது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. உறவு நியாயமற்றது என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவர்மீது விழுகிறது. நீதிமன்ற வாசலை மிதித்தவர்களுக்குத் தெரியும், நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

மேற்பார்வையாளர் 2017இல் ஒரு சுசுகி ஸ்விஃப்ட் வாங்கினார். விலை 6,499 பவுண்டு. அந்தக் கடனுக்காக டீலருக்குப் போன கமிஷன் 1,650.95 பவுண்டு. கடன் தொகையில் ஏறக்குறைய கால் பங்கு. இன்னொரு விதமாகக் கணக்குப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். கடனுக்காக அவர் செலுத்த வேண்டிய வட்டியும் கட்டணமும் சேர்ந்த மொத்தச் செலவில் 55 சதவீதம் அது. கடனுக்கு என்று அவர் கொடுக்கும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் 55 பவுண்டு, கடனே கொடுக்காத ஒருவருக்குப் போகிறது. இவ்வளவு பெரிய பங்கை மறைத்ததே உறவு நியாயமற்றது என்பதற்கு வலுவான அடையாளம் என்றது நீதிமன்றம்.

அடுத்தது தாள்கள். அவரிடம் கையெழுத்து வாங்கிய தாள்களில் கமிஷனைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கடன் நிறுவனத்திடமிருந்து டீலருக்குக் கமிஷன் கிடைக்கக்கூடும் என்று ஓரிடத்தில் இருந்தது. கிடைக்கக்கூடும் என்று எழுதிய நேரத்தில் அது கிடைப்பது உறுதி. எவ்வளவு என்பதும் ஏற்பாட்டிலேயே இருந்தது. அதைவிட மோசமானது இன்னொன்று. பல கடன் நிறுவனங்களைக் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துத் தருவதுபோன்ற தோற்றத்தை அந்தத் தாள்கள் கொடுத்தன. நடப்பு வேறு. டீலருக்கும் மோட்டோநோவோவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எந்தக் கடன் விண்ணப்பம் வந்தாலும் முதலில் மோட்டோநோவோவிடம்தான் காட்ட வேண்டும், அது வேண்டாம் என்றால்தான் அடுத்தவர். தேர்வு என்ற ஒன்று நடக்கவே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லாமல் விடுவதும் தவறாக நம்பவைப்பதும் ஒன்றில்லை. கமிஷன் தொகையைச் சொல்லாமல் விட்டது முதல் வகை. உங்களுக்காகத் தேடினோம் என்ற எண்ணத்தை உண்டாக்கியது இரண்டாவது வகை. வாடிக்கையாளர்கள் புகார் எழுதும்போது பெரும்பாலும் முதல் வகையை மட்டுமே சொல்லிக் கோபப்படுகிறார்கள். என்னிடம் சொல்லவே இல்லை என்பது நியாயமான கோபம்; ஆனால் சட்டத்தில் அது தனியாக நின்றால் பலவீனமானது. எதை நம்பவைத்தார்கள், எந்தத் தாளில், எந்த வாக்கியத்தால் என்று காட்ட முடிந்தால் வழக்கின் எடையே மாறிவிடும்.

அவர் அந்தத் தாள்களில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. இதை வங்கி பிடித்துக்கொண்டது இயல்புதான். படிக்காதவரை அந்தத் தாள் எப்படி ஏமாற்றியிருக்க முடியும்? நீதிமன்றம் இந்த உண்மையை ஒதுக்கிவிடவில்லை, கணக்கில் எடுத்தது. எடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டது: வியாபார நுணுக்கம் தெரியாத ஒருவர் இத்தனை தாள்களையும் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்வார் என்று ஒரு கடன் நிறுவனம் எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம்? முக்கியமான வாக்கியத்தை எடுப்பாகக் காட்டாமல் மற்றவற்றோடு கலந்து வைத்திருந்தால், படிக்காத குற்றத்தை வாடிக்கையாளர்மீது மட்டும் போட முடியுமா? முடிவில், முழுக் கமிஷன் தொகையையும், கடன் தொடங்கிய நாளிலிருந்து வணிக விகித வட்டியோடு வங்கி கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. காருக்கான கடன் ரத்தாகவில்லை. வண்டி ஓட்டியவர் வண்டிக்கான பணத்தைக் கட்டத்தான் வேண்டும்.

மாணவியும் தபால்காரரும் தோற்றார்கள். அவர்கள் தரப்பில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது விசுவாசம், லஞ்சம் என்ற வாதங்கள்தான். 140ஏ அங்கே அவர்களுக்குக் கைகொடுக்க வரவில்லை. புகாரை எந்தச் சட்டத்தின் கீழ் வடிவமைப்பது என்பது வக்கீல்களின் வறட்டுச் சடங்கு என்று நினைப்பவர்கள் இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நேர்மையாகச் சொன்னால் 55 சதவீதம் சுலபமான வழக்கு. 20 சதவீதம் இருந்தால்? 35 இருந்தால்? நீதிமன்றம் கோடு போடவில்லை. கமிஷனின் அளவு, அதன் வகை, வாடிக்கையாளரின் விவரஞானம், சொன்ன அளவும் விதமும், ஒழுங்குமுறை விதிகளைப் பின்பற்றினார்களா என்பவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. 2014இல் பாரகன் நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும் இதே நீதிமன்றம் இப்படித்தான் நடந்துகொண்டது. அங்கே 34,000 பவுண்டு கடனோடு 5,780 பவுண்டுக்கு ஒரு காப்பீட்டை ஒட்டவைத்திருந்தார்கள். அந்தப் பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷன். எந்தப் புள்ளியில் எல்லை மீறுகிறது என்று சொல்லாமலே, அந்தப் புள்ளி எங்கே இருந்தாலும் இது அதைத் தாண்டிவிட்டது என்றார்கள். கோடு போடும் வேலை நிதி நடத்தை ஆணையத்திடம் வந்து சேர்ந்தது. 2025 அக்டோபரில் அது வெளியிட்ட இழப்பீட்டுத் திட்ட வரைவில், கமிஷன் கடன் செலவில் 35 சதவீதமும் கடன் தொகையில் 10 சதவீதமும் எட்டினால் அதை மிகையான கமிஷன் என்று வைத்தது. டீலர் வட்டியை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடும், மறைத்த முதலுரிமை ஒப்பந்தமும் தனித்தனிக் காரணங்கள். சுமார் 1.4 கோடிக் கடன்கள், ஒன்றுக்குச் சராசரி 700 பவுண்டு, மொத்தம் 820 கோடி பவுண்டு என்பது அந்த வரைவின் மதிப்பீடு.

இனி நம் பக்கம். இந்தியாவில் 140ஏ போன்ற பிரிவு இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் அடித்தளம். அதன் 17ஆவது பிரிவு மோசடியை விளக்கிவிட்டு, பேசவேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. 18ஆவது பிரிவு தவறாகத் தெரிவிப்பது பற்றியது. அதற்கு ஏமாற்றும் எண்ணம்கூடத் தேவையில்லை. 19ஆவது பிரிவு, இவற்றால் சம்மதம் கொடுத்தவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், தவறான தகவலையோ மோசடியான மௌனத்தையோ காட்டி விலக முடியாது. அதாவது கையில் கொடுத்த தாளிலேயே இருந்ததே, ஏன் படிக்கவில்லை என்ற கேள்வி இங்கே கூர்மையாகக் காத்திருக்கிறது. லண்டனில் அந்த மேற்பார்வையாளருக்குக் கிடைத்த இரக்கத்தை ஒப்பந்தச் சட்டத்திடம் மட்டும் எதிர்பார்த்துப் போகக் கூடாது.

நம் உச்ச நீதிமன்றத்தின் மனநிலைக்கு ஓர் உதாரணம் கிரெடிட் கார்டு வட்டி வழக்கு. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. எச்எஸ்பிசி உள்ளிட்ட வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று, அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வட்டி விவகாரம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வருவது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை ஆணையம் திருத்தி எழுத முடியாது, வங்கிகள் தவறாகத் தெரிவித்து ஏமாற்றியதாகவும் இல்லை என்பது அதன் சாரம். வட்டி அதிகம் என்பது மட்டும் வாதமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. அதே சமயம் கடைசிக் காரணத்தைத் திருப்பிப் படித்தால் ஒரு வழி தெரிகிறது: தவறாகத் தெரிவித்ததைக் காட்ட முடிந்தால் நிலைமை வேறு.

அதற்குரிய கருவி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக் குறைபாடு என்பதன் விளக்கத்தில், தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் மன்னித்துவிடும் மௌனத்தை இந்தச் சட்டம் கேள்வி கேட்கும். பொய்யான தகவல் கொடுத்தால் முறையற்ற வணிக நடைமுறை என்று தனியாகவும் வாதிடலாம். இரண்டுக்கும் மாவட்ட ஆணையம் போதும். ஒப்பந்தமே நியாயமற்றது, ஒருதலைப்பட்சமானது என்று சொல்வதானால் நேராக மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இதைத் தெரியாமல் மாவட்டத்தில் போட்டுவிட்டு அலைவது வீண். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. அதனால் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டே மாதங்களை ஓட்டிவிடாமல், எழுத்தில் ஒரு புகார் கொடுத்து அதன் எண்ணை வைத்துக்கொள்வது நல்லது. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நம்மிடம் இப்போது ஒரு நல்ல தாளும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் சுற்றறிக்கைப்படி, அந்த வருடம் அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். வட்டி, ஃபைல் சார்ஜ், கடனோடு சேர்த்த காப்பீடு எல்லாவற்றையும் உள்ளடக்கி வருடத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் ஒற்றை எண்ணாகப் போட்டிருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு பிடிக்க முடியாது. ஷோரூமில் சொன்ன ஃபிளாட் வட்டிக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி பலரைத் திடுக்கிட வைக்கும். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கும் இந்தத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆணையத்தில் அதிகம் பேச வேண்டியிருக்காது.

ஆனால் லண்டன் வழக்கின் மையத்தில் இருந்த எண் இந்தத் தாளில் வராது. நாம் கட்டவேண்டியதைத்தான் அது காட்டுகிறது. நாம் கட்டுவதிலிருந்து கடன் நிறுவனம் டீலருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கு அதில் கட்டமே இல்லை. டீலர் எந்தெந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார், யாருக்கு முதலுரிமை என்பதற்கும் இல்லை. இரண்டு வரி சேர்த்தால் போதும். வங்கிகளுக்குப் புதிதாக எதையும் கணக்கிட வேண்டிய வேலைகூட இல்லை; டீலருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஏற்கெனவே அவர்கள் கணக்கில் இருக்கிறது. அடுத்த முறை அந்தத் தாளின் படிவத்தை ரிசர்வ் வங்கி திருத்தும்போது இந்த இரண்டு வரியையும் சேர்க்க வேண்டும்.